முத்து விழாத வெல்டிங்

மெல்லிய தகட்டில் வெல்டிங் வைக்கிறவருக்குப் பின்னால் எப்போதும் ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். அவர் சிந்தியதைச் சுரண்டுவதுதான் அவள் வேலை. தூத்துக்குடியில், துறைமுகச் சாலையை ஒட்டிய எங்கள் பட்டறையில் அப்படி இரண்டு பேர் இருந்தோம், நானும் எஸ்தரும். படகுகளுக்கு ஐஸ் பெட்டி, கம்பெனிகளுக்குக் கரண்ட் பெட்டி செய்கிற இடம். ஆறாம் வகுப்போடு நின்றுவிட்ட எனக்கு இந்த வேலை கிடைத்ததே பெரிது. வீட்டுக்காரர் உப்பளத்தில் கால் புண்ணாகி வீட்டோடு இருக்கிறார். அதனால் பட்டறையில் புதிதாக ஒரு விளக்குமாறு வந்தால்கூட, என் வேலைக்கு ஆள் வந்துவிட்டதோ என்று பயப்படுவேன். ரோபோ வந்தால் கேட்கவா வேண்டும்? உங்கள் பிழைப்பிலும் இப்படி ஒன்று வந்து இறங்கியிருந்தால், நான் சொல்வது உங்களுக்குப் புரியும்.

கஷ்டம் தீர்ந்தது

வெல்டிங் வைக்கும்போது தெறிக்கிற பொறி, குட்டிக் குட்டி உருண்டையாகத் தகட்டில் ஒட்டிக்கொள்ளும். எங்கள் பட்டறையில் அதற்குப் பெயர் முத்து. உளியால் தட்டி எடுக்காவிட்டால், உப்புக்காற்று அதன் அடியில் புகுந்து பெட்டியைத் துரு தின்றுவிடும். நானும் எஸ்தரும் முத்துத் தட்டுகிறவர்கள். வேலை நேரத்தில் போன் வந்தால், "முத்து எடுத்துக்கிட்டிருக்கேன், பொறவு பேசுதேன்" என்பாள் எஸ்தர். எதிர்முனையில் இருப்பவர் அசந்துபோக வேண்டும் அவளுக்கு.

கோயம்புத்தூரிலிருந்து ரோபோ வந்தது. மஞ்சள் நிறத்தில் ஒற்றைக் கை. கூட வந்த இன்ஜினியர் தம்பி நல்ல பிள்ளை. எங்களையும் கூப்பிட்டு விளக்கினார். வெல்டிங் கம்பி தகட்டைத் தொட்டதும் பின்வாங்கிவிடுமாம். மறுபடி தொடும், மறுபடி பின்வாங்கும். கண்ணுக்குத் தெரியாத வேகம். அதனால் சூடு குறைவு, தகடு ஓட்டை விழாது, பொறியும் தெறிக்காது. முடித்த பெட்டியின் மூட்டைத் தடவிப் பார்த்தேன். தையல்போட்ட துணி மாதிரி இருந்தது. எஸ்தர் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். தட்டுவதற்கு ஒன்றுமே இல்லை. தம்பிக்கோ முகமெல்லாம் பெருமை. "முத்தே விழாதுங்க்கா. இனி உங்களுக்கு ஒரு கஷ்டமும் இல்லீங்க."

கையைப் பிடித்துக் கூட்டிப்போனவர்

ரோபோவுக்குப் பாதை காட்ட வேண்டும். அதன் கையை நாம் பிடித்து மூட்டோடு ஒருமுறை கூட்டிப்போனால் போதும், அது நினைவில் வைத்துக்கொள்ளும். எங்கள் வெல்டர் சந்தியாகு அண்ணனைத்தான் செய்யச் சொன்னார்கள். கண் தெரியாதவரை ரோடு தாண்டவைப்பதுபோல அவ்வளவு பதமாகக் கூட்டிப்போனார். தம்பி திரையைப் பார்த்து, கோடு அங்கங்கே நெளிந்திருக்கிறது என்று சொல்லி, விரலால் தடவி நேராக்கினார். என்ன நெளிசல் என்று அண்ணன் கேட்டார். கை லேசாக நடுங்கியிருக்கிறது, அதை எடுத்துவிட்டேன் என்றார் தம்பி.

அண்ணனுக்குச் சர்க்கரை. நடுக்கம் எங்களுக்குத் தெரியும், யாரும் சொல்வதில்லை. அண்ணனுக்கு, ரோபோ செய்யாத கனத்த இரும்பு வேலை வெளியே கிடந்தது, அதனால் அவர் வேலை பிழைத்தது. எங்கள் பக்கம் வந்து தண்ணீர் குடித்துவிட்டுச் சிரித்தார். "பாத்தியாளா எஸ்தரு, எல்லாத்தையும் வாங்கிக்கிட்டு நடுக்கத்த மட்டும் எங்கிட்டயே திருப்பிக் குடுத்துட்டாவ."

பொட்டு

ஆயுத பூசைக்கு முதலாளி அண்ணாச்சி எல்லா மெஷினுக்கும் தன் கையாலேயே சந்தனமும் குங்குமமும் வைப்பார். மறுநாள் ரோபோவை ஓடவிட்டால், அது மூட்டை விட்டுவிட்டுப் பக்கத்துத் தகட்டைப் பொத்தல் பொத்தலாக்கி வைத்தது. ஐஸ் பெட்டி இடியாப்பத் தட்டு ஆகிவிட்டது. எஸ்தர் என் கையைக் கிள்ளினாள். எங்களுக்கு அன்றைக்குத்தான் ஆயுத பூசை.

அண்ணாச்சி தம்பியை வீடியோவில் கூப்பிட்டார். மூட்டைப் பார்க்கிற கேமராவைக் காட்டச் சொன்னார் தம்பி. காட்டியதும் திரைக்குக் கிட்டே வந்து பார்த்தார். பிறகு, கண்ணிலே யார் பொட்டு வைத்தது என்று கேட்டார். ஈரத் துணியால் துடைத்ததும் ரோபோ பழையபடி ஓடியது. எங்கள் சந்தோசமும் அதோடு போனது. அண்ணாச்சி மட்டும் தன்மேல் தப்பில்லை என்றே நின்றார். "நெத்தி எதுன்னு நீங்க சொல்லித் தரலையே தம்பி."

ஒருத்தி போதும்

தகட்டைப் பொருத்தி, கவ்வியை இறுக்கி, பித்தானை அமுக்க ரோபோவுக்கு ஓர் ஆள் வேண்டும். ஒருத்தி போதும் என்றார் அண்ணாச்சி. எஸ்தர் பத்தாம் வகுப்பு பாஸ், திரையில் வருவதைப் படிப்பாள், கை வேகம். அவள்தான் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள், நானும்தான். கறிக்கடை முதல் காயல்பட்டினத்துத் துணிக்கடைவரை வேலை விசாரிக்கத் தொடங்கிவிட்டேன்.

அண்ணாச்சி எங்கள் இரண்டு பேரையும் மாற்றி மாற்றி நிற்கவைத்துப் பார்த்தார். தகடுகளுக்கு நடுவே இடைவெளி இருந்தால், என்னதான் புது மெஷின் என்றாலும் ஓட்டைதான். எஸ்தர் வேகத்தில் சில கவ்விகள் சரியாகப் பிடிக்கவில்லை. நான் இறுக்குவேன், விரல் வைத்துப் பார்ப்பேன், பித்தான்வரை போய்விட்டுச் சந்தேகத்தில் திரும்பி வந்து மறுபடி பார்ப்பேன். அடுப்பை அணைத்தேனா என்று பாதித் தெருவில் திரும்புகிறவளுக்கு இது என்ன புதுசா? என் பெட்டியில் ஓட்டை விழவில்லை. பயப்படுகிறவள்தான் இங்கே வேண்டும் என்று அண்ணாச்சி சொல்லிவிட்டார்.

எஸ்தர் இறால் உரிக்கிற கம்பெனிக்குப் போகிறாள். இறால் தண்ணீர் அவள் தோலுக்கு ஒத்துக்கொள்ளாது, முன்பு ஒருமுறை போய்க் கை வெந்து திரும்பியவள். உளியை என்னிடம் கொடுத்தாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வண்டியில் ஏறப்போனவள் நின்று சொன்னாள். "எக்கா, நானும் கொஞ்சம் பயந்திருக்கலாம்."

என்ன வேலை பார்க்கிறாய் என்று இப்போது யாராவது கேட்டால், காலையிலிருந்து சாயங்காலம்வரை பயப்படுகிற வேலை என்று சொல்லிவிடுகிறேன். அந்த ஒன்றுக்குத்தான் இன்னும் மெஷின் வரவில்லை.