இடப்பக்கம் சாய்ந்த எழுத்து

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். ஆனாலும் ராக்கெட்டில் எழுதுகிற மாதிரி, கத்தி முனையாய், முன்னால் சாய்ந்து பாயும் எழுத்தை இந்தக் கரைக்குத் தமிழில் கொண்டுவந்தது என் ஸ்டிக்கர் கடைதான். இங்கிலீஷில் அப்படி எழுத்து பைக் டேங்கில், சினிமா போஸ்டரில் எல்லாம் இருந்தது. தமிழில் சுழி வளையும். வளைந்தால் வேகம் செத்துப்போகும். மூன்று சுழி ணகரத்தை மூன்று முக்கோணமாக வெட்டினேன். கபடிக் குழு பனியன், ஷேர் ஆட்டோ, டூரிஸ்ட் வேன் எல்லாவற்றிலும் ஏறியது. கல்யாணப் பத்திரிகைக்கு மட்டும் கொடுக்க மாட்டேன். நாலு வரி சேர்ந்தால் கண்ணைக் குத்தும். ஒற்றைப் பெயருக்குத்தான் அது.

படகுக்கு முதலில் கேட்டது பாம்பன் பக்கத்துப் பெண் ஒருத்தி. சொந்தப் படகு, புதுசு. ஞாயிறு மாலை சர்ச் சாமியார் வந்து ஜெபம் சொல்லி மந்திரித்ததும் கடலில் இறங்க வேண்டும். சனிக்கிழமை காலை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வெட்டி ஒட்டினேன். வலப்பக்கம் பெயர் அம்பு மாதிரி அணியத்தை, அதாவது படகின் முன்முனையைப் பார்த்துச் சாய்ந்தது. அவள் இடப்பக்கம் போய் நின்றாள். அவள் படகில் கடலுக்குப் போக இருந்த ஆட்களும் கூட வந்து பார்த்துப் பேசினார்கள்.

“ஏலே, இந்தப் பக்கம் பேரு பின்னால ஓடுது.”

“போறதுக்கு முந்தியே கரைக்குத் திரும்புதுபோல.”

“அண்ணே, இதோட எவனும் ஏற மாட்டான்,” என்றாள் அவள். “நாளைக்கு எனக்கு ஆள் வேணும். பிச்சுப்போட்டுட்டு நேரா நிக்கிற எழுத்துலயே எழுதிக்கிறேன்.”

தப்பு என்னுடையதுதான். இடப்பக்கத்திலிருந்து பார்த்தால் அணியம் இடது கைப்பக்கம் வரும். மேசையில் வைத்து வெட்டும்போது அது புத்தியில் ஏறவில்லை. அதற்காக என் எழுத்தைப் படகிலிருந்து இறக்கிவிட முடியுமா?

“காலையில வாரேன் தங்கச்சி. அதுவரைக்கும் கை வைக்காத.”

கடையில் கம்ப்யூட்டர் பார்க்கும் பெண் பட்டம் படித்தவள். “முதலாளி, சாய்வெழுத்து வலப்பக்கம்தான் சாயணும். இடப்பக்கம் சாய்ச்சா தப்புன்னு காலேஜ்லயே சொன்னாங்க,” என்றாள்.

“உங்க காலேஜ்ல படகு நின்னுச்சா, ஆத்தா?”

சிரித்துக்கொண்டே திருப்பிப் போட்டாள். கண்ணாடியில் தெரிகிற மாதிரி பெயரே இடம் வலமாய்ப் புரண்டு போனது. சாய்வை மட்டும் மாற்றினாள். எழுத்து முன்னால் சாய்ந்தது. வெட்டிய முனைகள் பின்னாலேயே பார்த்தன. அம்பின் கூர் பின்பக்கம் இருந்தால் அது என்ன அம்பு? பேப்பரும் ஸ்கேலும் எடுத்தேன். விளக்கு வைப்பதற்குள் ஒவ்வொரு முனையையும் புதிதாய் வரைந்து முடித்தேன்.

ஞாயிறு காலை ஒட்டியதும் அவள் இடப்பக்கம் பார்த்தாள், சுற்றி வந்து வலப்பக்கம் பார்த்தாள், பிறகு அணியத்துக்கு நேரே போய் நின்றாள்.

“இப்பத்தான் ரெண்டு பக்கமும் ஒரே ஊருக்குப் போகுது.” ஆட்கள் பக்கம் திரும்பினாள். “சாயங்காலம் ஒருத்தன் குறையாம வந்து சேருங்கடா.”

குறையாமல் வந்தார்கள். படகு போனது.

அந்த இடப்பக்க எழுத்து முறைகெட்டது என்று இன்றும் படித்தவர்கள் சொல்கிறார்கள். சொல்லட்டும். படகுக்கு இரண்டு பக்கம் உண்டு. நான் இரண்டுக்கும் எழுதுகிறவன்.