அண்ணன் தைத்த இரத்தக்குழாய்

1957 ஜூலை: ஆண், வயது ஐம்பத்தாறு, தையற்காரர், ஊர் மலாக்கா காஜா பெராங். பல வாரங்களாக முதுகுவலி. தொப்புளுக்கு மேல் துடிக்கும் கட்டி. எக்ஸ்ரேயில் பெருநாடிச் சுவரில் சுண்ணாம்புக் கோடு. முடிவு: வயிற்றுப் பெருநாடி வீக்கம்.

1957 ஆகஸ்ட்: வீங்கிய பகுதி அகற்றப்பட்டு, நைலான் குழாய் பொருத்தப்பட்டது. இரத்தக் கசிவு இல்லை. இரு கால்களிலும் நாடி உண்டு. சிறுநீர் இல்லை. ஐந்தாம் நாள் மரணம்.

இந்த நோயாளி என் அண்ணன். அப்போது நான் மலாக்காவில் மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவராக இருந்தேன். இளம் மருத்துவர்கள் கேட்டுக்கொண்டதால் எழுதுகிறேன்.

இதயத்திலிருந்து இறங்கும் பெருநாடியின் சுவர் தளர்ந்தால், தேய்ந்த சைக்கிள் டியூப் போல ஓரிடத்தில் உப்பும். உப்பியது ஒருநாள் வெடிக்கும். அண்ணன் அதை வாயு என்று எண்ணி வயிற்றில் தைலம் தேய்த்து வந்தார். கட்டியின் மேல் கை வைத்ததும் எனக்குப் புரிந்துவிட்டது.

"சும்மா விட்டா என்னடா ஆகும்?" என்றார்.

"வெடிக்கும். எப்போது என்று சொல்ல முடியாது."

"கட்டி மேல செல்லோபேன் சுத்தலாம்னு உன் டாக்டர் துவான் சொன்னாராமே. மிட்டாய் சுத்துற தாளா?"

"அதேதான். அதன் உறுத்தலில் வெளிச்சுவர் தடிக்கும் என்பது நம்பிக்கை. நிச்சயமில்லை."

"வேற?"

"இறந்தவரின் நாடியை எடுத்துப் பொருத்தலாம். அதைப் பாதுகாக்க இங்கே வசதி இல்லை. இன்னொன்று, துணிக்குழாய்."

"அட, அதை முதல்லயே சொல்றதுக்கென்ன."

துவான் என்று நாங்கள் அழைத்த அறுவை மருத்துவர் ஆங்கிலேயர். அயல்நாட்டில் நைலான் துணியைத் தையல் இயந்திரத்தில் தைத்துப் பொருத்துவதை மருத்துவ இதழ்களில் படித்திருந்தார். மேல்பக்கம் ஒரு வாய், கீழே கால்களுக்குப் போகும் இரண்டு கிளைகள். அந்த வரைபடத்தை அண்ணன் கையில் வாங்கிப் பார்த்தார்.

"டேய் தம்பி, இது சிலுவார்டா. ரெண்டு கால், ஒரு இடுப்பு. இடுப்பு ஒரு அங்குலம்கூட இல்லையே, எந்தப் பொம்மைக்கு?" பிறகு துவானைப் பார்த்து, "ட்ரையல் எப்படிப் பார்க்கிறது, துவான்?" என்றார்.

மொழிபெயர்த்தேன். துவான் சிரிக்கவில்லை. "உள்ளே வைத்துத்தான்" என்றார்.

மெர்டேகா சுதந்திர நாள் ஊர்வலத்துக்கான பள்ளிச் சீருடைகள் கடையில் குவிந்திருந்தன. அவற்றுக்கிடையே அண்ணன் அந்தக் குழாயைத் தைத்தார். நூல் பிரியாதிருக்க ஓரங்களைச் சூட்டுக்கத்தியால் உருக்கி, இரட்டைத் தையல் போட்டார். அண்ணி இயந்திரத்தின் அருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

சொந்தக்காரன் அறுவை மேசையருகே நிற்கக் கூடாது. ஆனால் மயக்க மருந்து கொடுக்க வேறு ஆளில்லை. வயிற்றைத் திறந்தபோது, வீக்கம் நாங்கள் எண்ணியதைவிட மேலே ஏறியிருந்தது. சிறுநீரகங்களுக்குப் பிரியும் கிளைகளுக்கும் மேலே, இரத்த ஓட்டத்தை நிறுத்தும் கிளாம்ப் போட நேர்ந்தது. குழாயை அண்ணனின் இரத்தத்திலேயே ஊறவைத்து, உறைந்து துளைகள் அடைபட்ட பின் பொருத்தினார் துவான். கிளாம்பைத் தளர்த்தியதும் துணி நிமிர்ந்து துடித்தது. இயந்திரத் தையல் வழியாக ஒரு சொட்டும் வெளியேறவில்லை. அதை நான் கண்ணால் பார்த்தேன்.

ஆனால் இரத்தமின்றி நெடுநேரம் இருந்த சிறுநீரகங்கள் மீளவில்லை. இரத்தத்தைச் சுத்திகரிக்கும் இயந்திரம் அப்போது எங்களிடம் இல்லை. நினைவு மங்குவதற்கு முன் அண்ணன் கேட்டார்: "சிலுவார் சரியா உக்காந்துச்சா?"

"சரியாக உட்கார்ந்திருக்கிறது, அண்ணே."

அவர் போன பிறகு, வார்டுக்கு வெளியே அண்ணி கேட்டார்: "அவரு தைச்சது விட்டுருச்சா, தம்பி?"

"சிறுநீரகம் வேலை செய்யவில்லை, அண்ணி" என்றேன். அது உண்மை. தலையசைத்துவிட்டுப் போனார்.

அண்ணன் தைத்த சட்டைகள் எதையும் மகன் போடக் கூடாது என்று அண்ணி பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டதாகச் சில மாதங்கள் கழித்துக் கேள்விப்பட்டேன். என் பதிலை, மனம் நோகாதபடி சொன்ன 'ஆம்' என்று அவர் எடுத்துக்கொண்டிருக்கிறார்.

இப்போது ஆலையில் பின்னிய குழாய்கள் பெட்டியில் வருகின்றன, தையற்காரர் தேவையில்லை. உறவினர் கேட்ட கேள்விக்கு முதலில் விடை சொல்லுங்கள். மரணத்தின் காரணத்தைப் பிறகு விளக்கலாம்.

செய்யாமல் நிற்பவை:

முதுகுவலி என்று வரும் வயதான ஆண்களுக்கு மருந்து கொடுக்கும் முன் வயிற்றைத் தொட்டுப் பார்க்கும்படி மருத்துவ உதவியாளர்களுக்கு எழுதுவது.

இங்கிலாந்து திரும்பிய துவானுக்கு நன்றி சொல்வது.

செங் என்ற ஊரில் மகள் வீட்டில் இருக்கும் அண்ணியை நேரில் பார்த்து, "தையல் விடவில்லை" என்று சொல்வது.