பல் வண்டியும் பாசார் மாலாம் அக்காவும்

எண்பதுகளின் நடுவில், சாலாக் செலாத்தானில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தது இது. அப்போது நான் பிரிக்பீல்ட்ஸில் குடியிருந்தேன். வார நாட்களில் ஒரு கம்பெனிக்கு வேன் ஓட்டுவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் பகுதிப் பொதுநலச் சங்கத்தின் பல் வண்டிக்கு நான்தான் டிரைவர். சம்பளம் கிடையாது, ஆனால் நல்ல மரியாதை கிடைக்கும். அந்த மரியாதை கொஞ்சம் தலைக்கும் ஏறியிருந்தது.

பல் வண்டி என்றால் வேறொன்றுமில்லை. ஒரு பழைய பஸ்ஸின் சீட்டுகளைக் கழற்றிவிட்டு, பல் டாக்டர் நாற்காலி, விளக்கு, பல் குடையும் மிஷின், கை கழுவும் தொட்டி எல்லாவற்றையும் உள்ளே பொருத்தியிருந்தார்கள். பின்பக்கம் ஓர் இரும்புக் கதவு. அதற்குள் பெட்ரோலில் ஓடும் சின்ன ஜெனரேட்டர். அது ஓடினால்தான் விளக்கு எரியும், மிஷின் சுற்றும். அதற்கு சோக் என்று ஒன்று உண்டு. குமிழை வெளியே இழுத்தால் உள்ளே ஒரு தகடு காற்றை மூடும். குளிர்ந்த இஞ்சின் அப்போதுதான் கிளம்பும். சூடானதும் குமிழை உள்ளே தள்ளிவிட்டால் ஒரு ஸ்பிரிங் அந்தத் தகட்டை இழுத்துத் திறந்துவிடும். இதையெல்லாம் கேட்டவருக்கும் சொல்வேன், கேட்காதவருக்கும் சொல்வேன்.

அன்று ஒரு சமூக மண்டபத்தின் திடலில் வண்டியை நிறுத்தினோம். எட்டு மணிக்கெல்லாம் முப்பது நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். முதலில் ஒரு பெரியவருக்குப் பல் பார்த்து முடிந்தது. இரண்டாவதாக ஏறியவர் நாற்பது வயதிருக்கும் ஓர் அக்கா. பாசார் மாலாம் என்று மலாயில் சொல்கிற இரவுச் சந்தையில் துணிக்கடை போடுகிறவர். முன்பல்லில் சொத்தை.

“டாக்டர், புடுங்கிறாதீங்க. போன எடத்துல எல்லாம் புடுங்கத்தான் சொல்றாங்க. முன்பல்லு போச்சுன்னா காத்துதான் வரும், சத்தம் வராது. நான் கூவித்தான் யாவாரம் பண்றேன்” என்றார்.

டாக்டர் ஒரு சீனப் பெண்மணி. தமிழர்கள் நிறைந்த தெருவில் வளர்ந்தவர் என்பதால் தமிழ் ஓரளவு வரும். “பயப்படாதே அக்கா. பல்லு இருக்கும் லா. வாய் பெரிசா தொற” என்று சொல்லி, மரத்துப்போக ஊசி போட்டு, குடைய ஆரம்பித்தார்.

ஜெனரேட்டர் காலையிலிருந்தே சரியில்லை. கறுப்புப் புகையைத் தள்ளிக்கொண்டு, இருமி இருமி ஓடியது. சூடானால் சரியாகிவிடும் என்று நான் கண்டுகொள்ளவில்லை. பத்து நிமிடம் ஆகியிருக்கும். இரண்டு முறை பெரிதாகத் திணறி, நின்றேபோனது. வண்டிக்குள் விளக்கு அணைந்தது. அக்காவின் பல் பாதி குடைந்தபடி நின்றது.

நான் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பின்பக்கம் ஓடினேன். இஞ்சினைக் கிளப்பும் கயிற்றை இழுத்தேன், இழுத்தேன், தோள்பட்டை கழன்றுவிடும்போல இழுத்தேன். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் பெட்ரோலில் நனைந்திருந்தது. துடைத்துப் போட்டேன். மறுபடியும் இழுத்தேன். புஸ்ஸென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். சோக் குமிழ் உள்ளேதான் இருந்தது, அதனால் அந்தப் பக்கம் என் சந்தேகமே போகவில்லை. வரிசையில் நின்றவர்கள் ஒவ்வொருவராக வந்து எட்டிப் பார்த்தார்கள். எனக்கு வியர்த்துக் கொட்டியது. கடைசியில், “உள்ளே காயில் எரிஞ்சிருச்சு, டாக்டர். இன்னிக்கு ஓடாது. ஒர்க்‌ஷாப்புக்குத்தான் இழுத்துட்டுப் போகணும்” என்று பெரிய மெக்கானிக்போல் தீர்ப்புச் சொல்லிவிட்டேன். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

டாக்டரின் முகம் வாடிவிட்டது. வண்டி மறுபடி இங்கே வர நான்கு மாதம் ஆகும். பாதி குடைந்த பல் அதுவரை தாங்காது, கரண்ட் இல்லையென்றால் பிடுங்குவதைத் தவிர வழியில்லை என்று அக்காவிடம் மெதுவாகச் சொன்னார்.

அந்த அக்கா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். வாயில் பஞ்சு, கழுத்தில் பிளாஸ்டிக் துண்டு, உதடு ஒரு பக்கம் மரத்துத் தொங்குகிறது. அந்தக் கோலத்தோடு படியிறங்கிப் பின்பக்கம் வந்து, முழங்கையால் என்னை ஒதுக்கிவிட்டு ஜெனரேட்டர் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தார். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. துணிக்காரம்மாவுக்கு இங்கே என்ன வேலை என்று நினைத்தேன். பாசார் மாலாமில் கடைக்குக் கடை சின்ன ஜெனரேட்டர் வைத்துத்தான் விளக்குப் போடுகிறார்கள் என்பது அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவே இல்லை.

அவர் பிளக்கை முகர்ந்தார். புகைக்குழாயில் விரலை விட்டுக் கரியை எடுத்து என்னிடம் காட்டினார். நான் முழித்தேன். பேச முடியாததால், தன் மூக்கை இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்து, கண்ணை உருட்டி மூச்சுத் திணறிக் காட்டினார். இஞ்சினுக்குக் காற்றுப் போகவில்லை! பிறகு குமிழிலிருந்து போகும் கம்பியை விரலாலேயே தொடர்ந்து போனார். குமிழை இழுத்தார், தள்ளினார். கம்பி ஆடியது. தகடு அசையவே இல்லை, மூடியது மூடியபடி நின்றது. அதைத் திறக்க வேண்டிய ஸ்பிரிங்கின் மேல் மஞ்சளாக ஏதோ கெட்டிதட்டிப் போயிருந்தது.

அவர் நகத்தால் சுரண்டி முகர்ந்து பார்த்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

சந்தனம்.

அந்த வாரம்தான் ஆயுத பூஜை. வண்டியைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, எலுமிச்சம்பழம் நசுக்கியதோடு நான் நிற்கவில்லை. ஜெனரேட்டரும் ஆயுதம்தானே என்று அதையும் குளிப்பாட்டினேன். உள்ளே தண்ணீர் போகக்கூடாது என்று சோக்கை இழுத்து மூடியது என் புத்திசாலித்தனம். பிறகு சந்தனத்தைக் கரைத்து, பக்தி மிகுதியில், அந்தத் தகடும் ஸ்பிரிங்கும் இருக்கும் கார்புரேட்டர் முழுக்கக் களிம்புபோல் அப்பி, நடுவில் குங்குமமும் வைத்தேன். அது மூன்று நாளில் சிமெண்டாகக் காய்ந்துவிட்டது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, அதுதான்.

அக்காவின் தோள் குலுங்கியது. சிரிக்கிறார், ஆனால் வாயில் பஞ்சு. கொண்டையிலிருந்து ஊசியை உருவி, ஸ்பிரிங்கின் ஒவ்வொரு வளையமாகச் சுரண்டினார். அவசரமே இல்லை. இடையில் கையை நீட்டி, பல் தேய்ப்பதுபோல் சைகை செய்தார். வருகிறவர்களுக்கு இலவசமாகக் கொடுக்க வைத்திருந்த பல் துலக்கும் பிரஷ் ஒன்றை ஓடிப்போய் எடுத்து வந்தேன். அதை ஒரு மூடிப் பெட்ரோலில் நனைத்து, தகடு சுழலும் இடத்தைத் தேய்த்தார். குமிழை இழுத்துத் தள்ளினார். டக்கென்று தகடு திறந்தது. அந்தச் சின்னச் சத்தத்தைக் கேட்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நான் உடனே கயிற்றைப் பிடித்தேன். அவர் என் கையைத் தட்டிவிட்டார். சிந்திய பெட்ரோலைத் துணியால் ஒற்றி எடுத்து, பிளக்கைத் துடைத்துக் காயவைத்து, கதவை அகலத் திறந்து வாடை போகும்வரை காத்திருந்தார். தன் பல் திறந்து கிடக்கிறது, ஊசியின் மரப்பு எந்த நேரமும் தெளியலாம், ஆனாலும் அந்தப் பொறுமை. பிறகுதான் தலையசைத்தார். இரண்டாவது இழுப்பில் இஞ்சின் பிடித்தது. கறுப்புப் புகை இல்லை, இருமல் இல்லை, ஒரே சீராக ஓடியது. வரிசையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். அக்கா சுரண்டி எடுத்த சந்தனத்தில் ஒரு சிட்டிகையை நனைத்து, பெட்ரோல் டேங்கின் மேல், எதற்கும் இடைஞ்சல் இல்லாத இடத்தில் அழகாக ஒரு பொட்டு வைத்துவிட்டு, பேசாமல் போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

முக்கால் மணி நேரத்தில் பல்லை அடைத்து முடித்தார்கள். இறங்கி வந்ததும் திடலில் நின்றபடி, “மாரி, மாரி! மூரா, மூரா!” என்று, ‘வாங்க வாங்க, மலிவு மலிவு’ என மலாயில் கடைக்கு ஆட்களைக் கூப்பிடுவதுபோல் கூவிப் பார்த்தார். உதடு குழறியது, ஆனால் சத்தம் கணீரென்று இருந்தது. எல்லோரும் சிரித்தோம்.

அந்த நேரம் பார்த்துச் சங்கச் செயலாளர் வந்து சேர்ந்தார். “ஜெனரேட்டர் நின்னுபோச்சாமே, என்ன ஆச்சு?” என்று கேட்டார். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அவரிடம் குழறலாக, “ஒண்ணுமில்ல, அண்ணே. தூசி அடைச்சிருச்சு. தம்பி சரி பண்ணிட்டாரு” என்றார்.

செயலாளர் என் முதுகில் தட்டி, “நம்ம ஆளு இருக்கும்போது என்ன கவலை!” என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். இல்லை, இவர்தான் செய்தார் என்று சொல்ல எனக்கு ஒரு நொடி போதும். நான் சொல்லவில்லை. பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். திரும்பிப் பார்த்தபோது அந்த அக்கா சாலையைக் கடந்துகொண்டிருந்தார்.

அதன் பிறகு எத்தனையோ பாசார் மாலாமில் தேடியிருக்கிறேன், அவரைப் பார்க்கக் கிடைக்கவில்லை. இஞ்சினைக் கற்றுக்கொள்வது பெரிய காரியமில்லை, அதை நானும் பிறகு கற்றுக்கொண்டேன். ஆனால் நாற்பது பேர் முன்னால் என் மானம் அவர் கையில் இருந்தபோது, மரத்துப்போன உதட்டோடு அதைக் காப்பாற்றிவிட்டுப் போனாரே, அந்தப் பெருந்தன்மையை நினைத்தால் நல்லபடியாக இருந்த என் வாய் அன்று மூடிக்கிடந்ததற்கு இன்றும் வெட்கமாக இருக்கிறது.