இரண்டாம் தவணை

பங்குப் பணத்தின் இரண்டாம் தவணையைக் கேட்டு நான் ஏறி இறங்கிய வீடுகளில் ஒருவர்கூட என்னை உட்காரச் சொன்னதில்லை. நாயை அவிழ்த்துவிடாமல் இருந்ததே சில வீடுகளில் பெரிய மரியாதை. அந்தக் காலத்தில் வாங்கிய வசவு மாதிரி அதற்கு முன்னும் வாங்கியதில்லை, பின்னும் வாங்கியதில்லை. அந்த வீட்டுக்காரர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. என்னை அனுப்பியவர் மேல் அதைவிட அதிகமாக இருக்கிறது.

எழுபதுகளின் கடைசியில், சங்கரன்கோவிலில் புளியங்குடி ரோட்டில் ஊர் முடிகிற இடத்தில், எலுமிச்சைக்கென்று ஒரு குளிர்பதனக் கிடங்கு கட்டினார்கள். தனி முதலாளி கிடையாது, பப்ளிக் கம்பெனி. ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் பந்தல் போட்டு, ஒலிபெருக்கி வைத்துப் பங்கு விற்றார்கள். காய் மலிந்த நாளில் மண்டியில் கேட்ட விலைக்குக் கொட்டிவிட்டு வராமல், கிடங்கில் வைத்து விலை ஏறியதும் விற்கலாம் என்றார்கள். விவசாயிகளுக்கு அது பிடித்திருந்தது. பங்கு விலையில் பாதியை இப்போது கட்டினால் போதும், மீதியைக் கம்பெனி கேட்கும்போது கட்டலாம் என்றது இன்னும் பிடித்திருந்தது. மீதியைக் கம்பெனி ஒருநாள் கேட்கும் என்பதை யாரும் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

நான் பி.காம். முடித்துவிட்டுச் சும்மா இருந்தேன். பங்குதாரர்களுக்குக் கடிதம் எழுதுவதும் ரசீது போடுவதும் என் வேலையாயிற்று. கம்பெனியை நடத்தியவர் டவுனில் இரும்புக்கடை வைத்திருந்தவர். அறுபதை நெருங்கியவர். நான் முதல் நாள் ‘முதலாளி’ என்று கூப்பிட்டதற்கு, “இங்கன முதலாளின்னு எவனும் கெடையாது. ஊரே முதலாளி. அண்ணாச்சின்னு சொல்லும்” என்று எரிந்து விழுந்தார். நல்ல விஷயத்தைக்கூட அவருக்குத் திட்டாமல் சொல்லத் தெரியாது.

வந்த பணம் முழுவதையும் கட்டடமும் இயந்திரமும் தின்றுவிட்டன. நடத்துவதற்குப் பணம் வைக்க வேண்டும் என்று கூட்டத்தில் யாரோ சொன்னபோது, “ஓட ஆரம்பிச்சா அதுவே சம்பாதிக்கும்” என்றாராம் அண்ணாச்சி. அது சம்பாதிக்கவில்லை. குளிரூட்டும் அறை நிறைய காய் இருந்தாலும் மூலையில் நான்கு மூட்டை கிடந்தாலும் இயந்திரம் ஓடித்தான் ஆக வேண்டும், கரண்டு பில் ஏறக்குறைய ஒன்றுதான். மின்வெட்டு வேறு. கரண்டு போனால் அறை சூடாகும், வந்தால் மறுபடி குளிரும். அந்த ஏற்ற இறக்கத்தில் காயின் தோலில் பழுப்புப் புள்ளி விழுந்தது. மண்டிக்காரர்கள் அதை ‘ஐஸ் காய்’ என்று பேர் வைத்து ஒதுக்கினார்கள். காய் வைத்தவர்கள் வாடகை தர மறுத்தார்கள். வாடகை வராததால் கரண்டு பில் நின்றது, எங்கள் சம்பளமும் நின்றது. வங்கி மேலாளர் அண்ணாச்சியைக் கண்டால் எழுந்து உள்ளே போய்விடுவார்.

அப்போதுதான் இரண்டாம் தவணையைக் கேட்பது என்று இயக்குநர்கள் முடிவெடுத்தார்கள். கடிதம் போட்டோம். பதிலில்லை. “நேரே போய் வாங்கிட்டு வாரும்” என்று என்னை அனுப்பினார் அண்ணாச்சி.

இளையரசனேந்தலில் ஒரு பருத்திக்காரர், மழை இல்லாமல் வெடித்துக் கிடந்த கரிசல் நிலத்தில் என்னை நிறுத்தி, “இதைக் கெரயம் பண்ணித் தரட்டுமா? குளிரூட்டிக்கிடுதீரா?” என்று கேட்டார். புளியங்குடியில் ஒருவர், பேச்சை ஆரம்பித்ததுமே சட்டையைப் பிடித்துவிட்டார். இதெல்லாம் ராயகிரிக்கு முன்னால் ஒன்றுமேயில்லை.

சிவகிரியில் பஸ்ஸை விட்டு இறங்கி, வாடகைச் சைக்கிள் எடுத்துக்கொண்டு ராயகிரிக்குப் போனேன். நான் தேடிப் போன பங்குதாரர் ஒரு பெண். நாற்பத்தைந்து வயதிருக்கும். புருஷன் செத்த பிறகு எலுமிச்சைத் தோப்பைத் தானே பார்த்துக்கொண்டிருந்தவர். தோப்பில் காய் பறித்துக்கொண்டிருந்தார். நான் கம்பெனி பேரைச் சொன்னதும் கூடையைக் கீழே வைத்தார்.

“என்னத்துக்கு வந்துருக்கீரு?”

“பங்குப் பணம் பாக்கி இருக்குக்கா. இப்ப கட்டுனாத்தான் கம்பெனி ஓடும்.”

“ஓடுனா?”

“காய் வைக்கலாம்.”

“வச்சனே. வச்ச காயி பூரா அம்மை போட்ட மாதிரி புள்ளியா ஆயிட்டே. மண்டியில என் மூஞ்சியில விட்டெறிஞ்சான். அந்தக் காசை முதல்ல கொண்டாரும். அதுல உம்ம பாக்கிய எடுத்துக்கிடும்.”

மின்வெட்டு, மண்டிக்காரர்கள் என்று நான் விளக்கத் தொடங்கினேன். என் பேச்சு எனக்கே பொய் மாதிரி கேட்டது. வரப்பில் நான் சாய்த்து வைத்திருந்த சைக்கிளை அவர் உருட்டிக்கொண்டு போய் மோட்டார் அறைக்குள் விட்டுப் பூட்டினார்.

“அக்கா, அது வாடகைச் சைக்கிளு.”

“உங்க கம்பெனிக்காரன வந்து மீட்டுட்டுப் போகச் சொல்லும். நடையக் கட்டும்.”

வேலையாட்கள் சிரித்தார்கள். வெயிலில் சிவகிரிக்கு நடந்தேன். சைக்கிள் கடைக்காரர் என் கைக்கடிகாரத்தைக் கழற்றி வாங்கிக்கொண்டுதான் விட்டார்.

அலுவலகத்தில் இதைச் சொன்னபோது அண்ணாச்சிக்கு என் மேல்தான் கோபம் வந்தது. “ஒரு பொம்பளைகிட்ட சைக்கிளப் பறிகொடுத்துட்டு வந்து நிக்கீரே, வெக்கமா இல்ல?” என்றார்.

“சம்பளத்தக் குடுத்துருங்க, நான் போயிருதேன்” என்றேன்.

“சம்பளமா? வசூல் பண்ணிட்டு வாரும், அதுல எடுத்துத் தாரேன்.”

அவர் திருடித் தின்கிறார் என்று அப்போது நான் நம்பினேன். ஊரே அப்படித்தான் நம்பியது. பிறகு ஒருநாள் மத்தியானம் அவர் மனைவி அலுவலகத்துக்கு வந்தார். அதற்கு முன் அந்த அம்மாளை நான் பார்த்ததில்லை. சாப்பாட்டுத் தூக்கைக் கொண்டுவந்து மேசைமேல் ஓங்கி வைத்தார். ரசம் தெறித்து நான் தட்டச்சு செய்திருந்த தாளெல்லாம் நனைந்தது.

“திங்கதுக்கு மட்டும் வீடு வேணும். வீட்டுப் பத்திரத்த எங்க கொண்டு வச்சிருக்கீரு?”

“சத்தம் போடாத. ஆளு இருக்கு.”

“இருக்கட்டும். கரண்டுக்காரனுக்குக் கட்டுததுக்கு வீட்ட அடகு வச்ச ஆளு இந்த ஊருல வேற யாரும் உண்டா? பிள்ளைக்கு வச்சிருந்த நகையும் போச்சு. இது யாரு கம்பெனி? ஊருக் கம்பெனிதான? ஊருக்காரன் வீட்டப் போயி வையும்!”

அந்த அம்மாள் போன பிறகு அண்ணாச்சி தூக்கைத் திறந்து சாப்பிட்டார். இவர் திருடர் இல்லை. திருடராக இருந்திருந்தால் வெறுப்பது சுலபமாக இருந்திருக்கும். இதை அறிந்த பிறகும் எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. தன் வீட்டை வைத்தார், சரி. என் சம்பளத்தையும் சேர்த்து வைக்க அவருக்கு யார் உரிமை கொடுத்தது?

அடுத்த பங்குதாரர் கூட்டத்துக்கு மண்டபம் பிடிக்க வழியில்லாமல், கிடங்கின் முன்னால் காய் தரம் பிரிக்கிற கொட்டகையிலேயே நடத்தினோம். கூட்டம் தொடங்கும் முன்பே ஏச்சு தொடங்கிவிட்டது. ராயகிரிக்காரர்கள் ஒரு லாரியில் வந்திருந்தார்கள். அந்த அக்காதான் முன்னால் நின்றார்.

“எங்க பணத்த யாரு தின்னது? அத மட்டும் சொல்லும்.”

“யாரும் திங்கல. கரண்டு தின்னுச்சு” என்றார் அண்ணாச்சி.

கொட்டகையே சிரித்தது. அவருக்கு முகம் சிவந்துவிட்டது. “நீங்க பாக்கியக் கட்டிருந்தா இந்தக் கெதி வந்திருக்குமா? அவனவன் பாதியக் குடுத்துட்டு முழுசா லாபம் கேக்கான். பாக்கி கட்டாதவன் பங்கு பூராத்தையும் இன்னைக்கே பறிமுதல் பண்ணுதேன், பாரும்!”

“பறிச்சுக்கிடும்” என்றார் அந்த அக்கா. “ஒண்ணுமில்லாததுல பாதியப் பறிச்சா என்ன, முழுசாப் பறிச்சா என்ன?”

ஒரு நாற்காலி பறந்து வந்து மேசையில் விழுந்தது. யாரோ “களவாணிப் பயலே” என்று கத்தினார்கள். நான் எழுந்தேன். அண்ணாச்சிமேல் பிரியத்தால் இல்லை. நடக்காததை நடந்ததாக இத்தனை பேர் சேர்ந்து கத்துவதைத் தாங்க முடியவில்லை.

“அவரு களவாங்கல. வீட்டையே அடகு வச்சுத்தான் கரண்டுக்குக் கட்டிருக்காரு” என்றேன்.

அண்ணாச்சியே என் பக்கம் திரும்பினார். “ஏல, என் வீட்டப் பத்திப் பேச உன்ன எவன் கூப்பிட்டான்? உக்காருல!”

அதுவரை அவர் என்னை ‘நீரு’ என்றுதான் சொல்வார். அத்தனை பேர் முன்னால் ‘ஏல’ ஆனேன். கூட்டத்தில் ஒருவர், “நல்லாச் சொல்லிக் குடுத்து வச்சிருக்காரு” என்றார். நாடகமாம். மறுபடி சிரிப்பு. உண்மையைச் சொன்னதற்கு இரண்டு பக்கமும் செருப்படி. ஒரு தீர்மானமும் நிறைவேறாமல் கூட்டம் கலைந்தது.

சித்திரை வெயிலில், கிடங்கில் ஓரளவு காய் இருந்த சமயத்தில், பில் கட்டாததால் மின்வாரியத்தார் இணைப்பைத் துண்டித்தார்கள். அதில் அவர்களைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. எத்தனையோ தவணை கொடுத்துப் பார்த்துவிட்டார்கள். மறுநாள் காலையில் செய்தி பரவி, மாட்டுவண்டியிலும் டிராக்டரிலும் ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். அண்ணாச்சியே கதவைத் திறந்துவிட்டார். “அவனவன் காயப் பாத்து எடுங்க” என்று கத்தினார். யார் பார்த்தது? உள்ளே இருட்டு, தரையெல்லாம் ஈரம். கையில் அகப்பட்ட மூட்டையை இழுத்தார்கள். தங்களுக்குள்ளேயே அடித்துக்கொண்டார்கள். மிதிபட்ட எலுமிச்சையின் நெடி கண்ணைக் கரித்தது.

ராயகிரி அக்காவுக்கு அங்கே காய் எதுவும் இல்லை. ஆனாலும் வந்திருந்தார். இரண்டு ஆட்களை வைத்து, காய் நிறுக்கிற எடைமேடையைக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் ஓடிப்போய்க் குறுக்கே நின்றேன்.

“அது கம்பெனி சொத்துக்கா.”

“நானும் கம்பெனிதான். பங்கு வச்சிருக்கேன்ல? என் பங்குக்கு இது.”

“அப்படி எடுக்கக் கூடாது. சட்டம் இருக்கு.”

அவர் என்னை நெஞ்சில் கை வைத்துத் தள்ளினார். ஈரத் தரையில் வழுக்கி உட்கார்ந்துவிட்டேன். “உமக்குச் சம்பளம் பாக்கியில்லையா? நீரும் எதையாவது தூக்கிட்டுப் போகும். சட்டம் பேசுதாரு!”

அது அன்பா, கேலியா என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. இரண்டுமில்லை, எரிச்சல்தான். நான் எதையும் எடுக்கவில்லை. யோக்கியன் என்பதால் இல்லை. நான் எழுந்து துடைத்துக்கொள்வதற்குள் மின்விசிறி, பெட்டி, நாற்காலி எல்லாம் போய்விட்டன. மிச்சமிருந்தவை எட்டுப் பேர் சேர்ந்து தூக்க வேண்டிய இயந்திரங்கள் மட்டும்தான். அண்ணாச்சி வாசலில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். பக்கத்தில் போய் நிற்கலாம் என்று தோன்றியது. ‘ஏல’ நினைவுக்கு வந்தது. போகவில்லை.

பிறகு கோர்ட்டிலிருந்து ஆள் வந்து சீல் வைத்தார்கள். இயந்திரம் ஏலத்தில் போயிற்று. கட்டடம் கொஞ்ச காலம் பஞ்சுக் கிடங்காக இருந்தது. பங்குதாரர்களுக்கு ஒரு காசு திரும்பவில்லை. என் சம்பளமும் வரவில்லை. அண்ணாச்சியின் வீடு கைமாறியது. இரும்புக்கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, ஒரு பின்தெருவில் வாடகைக்குக் குடியிருந்தார். தெருவில் அவரைக் கடந்து போகிறவர்கள் காறித் துப்பிவிட்டுப் போவதை நானே பார்த்திருக்கிறேன். நான் விசைத்தறிச் சேலை மொத்த வியாபாரி ஒருவரிடம் கணக்கு எழுதப் போனேன். அங்கேயும் கொஞ்ச நாள் என்னை ‘ஐஸ் காய்’ என்றுதான் கூப்பிட்டார்கள்.

சில வருடங்கள் கழித்துத் தென்காசி பஸ்ஸுக்காக நான் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தபோது அண்ணாச்சி வந்தார். இளைத்திருந்தார். சட்டை மட்டும் வெள்ளையாக இருந்தது. எந்த முன்னுரையும் இல்லாமல் தொடங்கினார்.

“எலுமிச்சைய விட்டுரும்வே. ஐஸ் மட்டும் தனியாப் போட்டா ஓடும். நான் கணக்குப் பாத்துட்டேன். கொஞ்சப் பேரு சேந்தாப் போதும். பங்கு வேலைக்கு உம்ம மாதிரி ஒரு ஆளு வேணும்.”

என் காதையே என்னால் நம்ப முடியவில்லை. “நடத்துததுக்குப் பணம்?” என்று கேட்டேன்.

“ஓட ஆரம்பிச்சா…”

மீதியை நான் சொல்லவிடவில்லை. சம்பளம், கடிகாரம், வெயிலில் நடந்தது, ஈரத்தில் விழுந்தது, எல்லாவற்றையும் சேர்த்துக் கத்தினேன். அவ்வளவு கெட்ட வார்த்தைகள் எனக்குத் தெரியும் என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அவர் கேட்டுக்கொண்டே நின்றார். சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. ஒரு பூக்காரம்மா, “பெரிய மனுசர இந்த ஏச்சு ஏசுதியே, நீ நல்லாருப்பியா?” என்று என்னைத்தான் கேட்டாள். பஸ் வந்தது. நான் ஏறிக்கொண்டேன். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது அவர் அந்தக் கூட்டத்தில் யாரோ ஒருவருக்கு விரல்விட்டு எண்ணி ஏதோ கணக்கை விளக்கிக்கொண்டிருந்தார்.