டார்ச்சை எங்கே மாட்டுவது?

1988ஆம் வருடம், பிப்ரவரி மாதம். ரங்கூனில் இன்சீன் மார்க்கெட்டுக்குப் பின்புறம் ஒரு சின்ன லேத் பட்டறை வைத்திருந்தேன். வயது முப்பத்து நான்கு. எதைக் கொடுத்தாலும் செய்து தந்துவிடுவேன் என்று ஒரு பெயர் எனக்கு இருந்தது. அந்தப் பெயர் மேல் எனக்கே கொஞ்சம் கர்வமும் இருந்தது.

ஒருநாள் காலை ரங்கூனுக்கு வடக்கே உள்ள மாவ்பியிலிருந்து ரயிலில் வந்து இறங்கினார் ஒரு விவசாயி. நம் தமிழ்க்காரர்தான், என் வயதுதான் இருக்கும். பையிலிருந்து ஒரு மூங்கில் துண்டை எடுத்து என் மேஜை மேல் வைத்தார்.

"மேஸ்திரி, என் துப்பாக்கிக் குழல் சரியா இந்தப் பருமன். லைசென்ஸ் இருக்கு, ஆனா ஊரை விட்டு வெளியே கொண்டுவரக் கூடாது. அதான் அளவு எடுத்து வந்தேன். இதுல ஒரு டார்ச் மாட்டணும்."

விஷயம் இதுதான். அவருடைய மரவள்ளித் தோட்டத்தைக் காட்டுப் பன்றிகள் பாழாக்கிக்கொண்டிருந்தன. பாதித் தோட்டம் போய்விட்டது. முன்பெல்லாம் அவர் தம்பி டார்ச் பிடிப்பார், இவர் சுடுவார். தம்பி வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய்விட்டார். ஒரே ஆளாக ஒரு கையில் டார்ச்சும் மறு கையில் துப்பாக்கியும் பிடித்தால் இரண்டுமே ஆடுகின்றன. மீதித் தோட்டமும் போய்விட்டால் அந்த வருடம் பிழைப்புக்கு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

எனக்கு இந்த மாதிரி வேலை என்றால் சாப்பாடுகூட வேண்டாம். இரண்டு நாளில் தகட்டை வளைத்து, உள்ளே சைக்கிள் டியூப் ரப்பர் ஒட்டி, திருகாணி வைத்து ஒரு பிடி செய்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அதையும் மூன்று பேட்டரி போடும் பித்தளை டார்ச் ஒன்றையும் எடுத்துக்கொண்டு மாவ்பிக்கு ரயில் ஏறினேன்.

அவர் துப்பாக்கி பழைய ஒற்றைக் குழல். நடுவில் மடித்துத் தோட்டா போடுவது. தோட்டத்து வீட்டு வாசலில் அதை ஒரு பலகை மேல் வைத்து, டார்ச்சை எங்கே மாட்டலாம் என்று நாங்கள் இருவரும் விவாதித்தோம். அவர் குழலுக்கு மேலே வேண்டும் என்றார். மேலே வைத்தால் குழல் நுனியில் உள்ள, குறி பார்க்கும் மணி மறைந்துவிடும் என்றேன். வலது பக்கம் வைத்துப் பார்த்தோம். துப்பாக்கி ஒருபுறமாகச் சாய்ந்தது, செடியிலும் மாட்டும். இன்னும் பின்னால் தள்ளினால் துப்பாக்கியை மடிக்க முடியவில்லை. கடைசியில் குழலுக்கு அடியில், இடது கை பிடிக்கும் இடத்துக்குச் சற்று முன்னால் என்று முடிவு செய்தேன். கையை நகர்த்தாமலே கட்டைவிரல் சுவிட்சைத் தொட்டது. எனக்கு மிகவும் திருப்தி.

அவர் மனைவி கரீன் இனத்துப் பெண். கல்யாணத்துக்குப் பிறகு தமிழ் கற்றுக்கொண்டவர். டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, நாங்கள் செய்வதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேஸ்திரி, லைட் எதுக்குத் துப்பாக்கியில கட்டணும்? பாக்குறது கண்ணுதானே?" என்று கேட்டார்.

நான் அவர் கணவரைப் பார்த்துச் சிரித்தேன். அவரும் சிரித்தார். அந்தப் பெண் காலிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அந்தக் கேள்விக்கு நான் பதில்கூடச் சொல்லவில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை.

மதியம் ஜன்னல் இல்லாத நெல் குடோனுக்குள் போய், வெளிச்சம் குழலுக்கு நேராக விழுகிறதா என்று சரி செய்தோம். பிறகு தோட்டத்துக் கோடியில் இருந்த மண்மேட்டைப் பார்த்து ஒரு தோட்டா சுட்டார். அந்த அதிர்வில் பல்பின் இழை அறுந்துபோனது. பல்பை மாற்றி, அடியில் இன்னொரு சுருள்வில் வைத்து, ரப்பரை இரட்டிப்பாக்கினேன். அடுத்த தோட்டாவுக்கு விளக்கு அணையவில்லை. இன்னொரு முறை பார்த்துவிடலாம் என்று மூன்றாவது தோட்டாவைப் போட்டார். அதற்குள் சாப்பிடக் கூப்பிட்டார்கள். நான் துப்பாக்கியைத் துடைத்துச் சுவரில் சாய்த்தேன். இருவரும் கை கழுவப் போனோம். தோட்டாவை அவர் எடுத்துவிட்டார் என்று நான் நினைத்தேன். நான் துடைத்து வைத்தபோது எடுத்திருப்பேன் என்று அவர் நினைத்திருக்கிறார்.

சாப்பாடு, பேச்சு என்று நேரம் போய்விட்டது. சூரியன் இறங்கியது. நான் துப்பாக்கியைக் கையில் எடுத்து என் வேலைப்பாட்டைப் பார்த்துக்கொண்டு வாசலில் நின்றேன். வீட்டுக்குப் பக்கவாட்டில் மரவள்ளிச் செடிகள் சலசலத்தன.

பன்றியோ என்று நினைத்தேன். சுட வேண்டும் என்ற எண்ணமே எனக்கு இல்லை. என்ன என்று பார்க்கத்தான் ஆசைப்பட்டேன். ஆனால் என் கையில் இருந்த ஒரே வெளிச்சம் துப்பாக்கியில்தான் இருந்தது. பார்க்க வேண்டுமென்றால் துப்பாக்கியை நீட்டித்தான் ஆக வேண்டும். நீட்டினேன். கட்டைவிரலால் சுவிட்சை அழுத்தினேன்.

வெளிச்சத்துக்கு நட்ட நடுவில் அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு கோழி. செடிகளுக்குள் அடை கிடந்த கோழியைப் பிடித்துவரப் போயிருக்கிறார். வெளிச்சம் சரியாக அவர் நெஞ்சில் விழுந்தது. அப்படி நேராக விழ வேண்டும் என்றுதானே மதியம் முழுக்கப் பாடுபட்டேன். என் வலது கை விரல் விசையின் மேல் இருந்தது. அது எப்போது அங்கே போனது என்று எனக்குத் தெரியாது.

அவர் கத்தவில்லை, நகரவும் இல்லை. கண் கூசியதால் முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டு, "மேஸ்திரி, மெதுவாக் கீழ இறக்குங்க" என்றார்.

இறக்கினேன். அவர் குரல் கேட்டு ஓடிவந்த கணவர் என் கையிலிருந்து துப்பாக்கியை வாங்கி மடித்தார். உள்ளே மூன்றாவது தோட்டா அப்படியே இருந்தது.

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் தோட்டாவைக் கையில் வைத்துக்கொண்டு மனைவியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். தப்பு தன்னுடையது என்று அவர் சொல்ல ஆரம்பித்தார், என்னுடையது என்று நான் சொன்னேன். அந்தப் பெண் கோழியைக் கூண்டில் விட்டுவிட்டு வந்து என் முன்னால் ஒரு சொம்பு தண்ணீரை வைத்தார். "யா பாதே, யா பாதே" என்றார். பரவாயில்லை என்று எங்கள் ஊரில் எல்லோரும் சொல்கிற வார்த்தை.

தண்ணீரைக் குடித்துவிட்டு, "அக்கா, காலையில நீங்க கேட்டீங்களே, அதை இன்னொரு தடவை சொல்லுங்க" என்றேன்.

அவர் கொஞ்சம் யோசித்துச் சொன்னார். "நான் யாருன்னு பாக்குறதுக்கு நீங்க என்னைக் குறி வைக்க வேண்டி இருந்துச்சு. அது சரியா இல்ல, மேஸ்திரி."

அப்போதே திருகாணிகளைக் கழற்றினேன். கடைசி ரயில் போய்விட்டதால் அன்று அங்கேயே தங்கினேன். டார்ச்சைத் தலையில் கட்டினால் என்ன என்று பேச்சு வந்தது. பித்தளை டார்ச் கனமாக இருக்குமே என்றேன். பேட்டரி எதற்குத் தலையில், அது இடுப்பில் இருக்கட்டுமே என்று அந்தப் பெண்தான் சொன்னார். அடுத்த வாரம் பட்டறையில் கான்வாஸ் பட்டையில் ஒரு சைக்கிள் விளக்கைப் பொருத்தி, ஒயர் இழுத்து, இடுப்பில் கட்டும் பேட்டரிப் பெட்டியும் செய்தேன். முதலில் அதை மாட்டிப் பார்த்தது அந்தப் பெண். நெற்றியில் அழுத்துகிறது என்றார், உள்ளே துணி வைத்தேன். தூரம் போதவில்லை என்றார், விளக்கை மாற்றினேன். ஒரு வாடிக்கையாளர் சொல்லி நான் அத்தனை திருத்தம் செய்தது அதுவரை இல்லை. பன்றிகள் அந்த வருடம் மரவள்ளியைத் தின்னாமல் இல்லை. ஆனால் மீதித் தோட்டம் பிழைத்தது.

ஆகஸ்ட் மாதம் நாடெங்கும் அரசுக்கு எதிரான போராட்டம் வெடித்து, ரயில்கள் நின்றுபோயின. ரங்கூனில் கடைகள் திறக்கவில்லை, ஜனங்கள் நடந்தே ஊர் போய்க்கொண்டிருந்தார்கள். மாவ்பியிலிருந்து எனக்கு ஒரு தகவலும் இல்லை. ரயில் மறுபடி ஓடத் தொடங்கி, மழையெல்லாம் ஓய்ந்த பிறகு ஒருநாள் அந்த விவசாயி பட்டறைக்கு வந்தார். அவரோடு முன்பின் தெரியாத ஒரு பர்மியத் தம்பதி. கூட வந்த பெண்ணின் தோளில் ஒரு கைக்குழந்தை.

நடந்ததை அவர் சொன்னார். ஆகஸ்டில் ஒரு மாலை, இருட்டியதும் தோட்டத்தில் சலசலப்பு கேட்டிருக்கிறது. இவர் துப்பாக்கியில் தோட்டா போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு போயிருக்கிறார். சத்தம் வந்த பக்கம் தலையைத் திருப்பியதும் வெளிச்சத்தில் இரண்டு பேர். மாதம் நிறைந்த வயிற்றோடு ஒரு பெண், அவளைத் தாங்கிப் பிடித்தபடி கணவன். தாய் வீட்டுக்கு நடந்து போகிறவர்கள், சாலைக்குப் பயந்து தோட்டம் வழியாக வந்திருக்கிறார்கள். துப்பாக்கி தோளிலேயே கிடந்தது. இவர் மனைவி அவர்களை வீட்டுக்குள் அழைத்துப் படுக்க வைத்திருக்கிறார். மூன்றாம் நாள் அந்த வீட்டிலேயே குழந்தை பிறந்திருக்கிறது.

"துப்பாக்கியில லைட் இருந்திருந்தா நான் முதல்ல என்ன பண்ணியிருப்பேன்னு தெரியல, மேஸ்திரி. பன்றின்னுதான் நினைச்சுப் போனேன்" என்றார் அவர்.

குழந்தையை என் கையில் கொடுத்தார்கள். எண்ணெய்க் கறை படிந்த கையை அவசரமாகத் துடைத்துவிட்டு வாங்கிக்கொண்டேன். பெண் குழந்தை. என்னைப் பார்த்துக் கொட்டாவி விட்டது.

இப்போது எனக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. பட்டறை இன்னும் நடக்கிறது. என் வேலையைப் பற்றி யாராவது வந்து சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டால் இப்போது நான் சிரிப்பதில்லை. லேத்தை நிறுத்திவிட்டு உட்கார்ந்து கேட்கிறேன். நான் பதில் சொல்லாமல் சிரித்த ஒரு கேள்வியால், அந்தக் கேள்வியைக் கேட்டவரையே இழந்திருக்க வேண்டியது. அவர் பிழைத்து, அதை மறுபடி பொறுமையாகச் சொன்னதால்தான் இன்னும் மூன்று பேர் பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்தார்கள் என்பதை நினைக்கும்போது, மனிதனுக்குத் திருந்திக்கொள்ள இரண்டாவது தடவை கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று இன்றும் எனக்கு நெஞ்சு நிறைகிறது.