நீலக் கயிறு ஆடாத நாள்

பெரியவர் மாலக்கி டார்ப்பியின் வீட்டுக் கதவில் வைக்கோல் கட்டும் நீலக் கயிறு ஒரு துண்டு தொங்கும். காற்றில்லாமல் அது ஆடாத நாளில் எங்கள் ஊரில் எவனும் சாணிக்குழியைக் கலக்கக் கூடாது. அது அவர் போட்ட சட்டம். குளிர்காலம் முழுக்க மாட்டுக்கொட்டகைக்கு அடியில் தேங்கிய சாணியைக் கலக்கினால் விஷக்காற்று கிளம்பும். ஒரு மூச்சு போதும்.

அவருக்கு ஒன்பது வயதிருக்கும்போது கண்ணெதிரே அவர் அண்ணன் அப்படி விழுந்தான். தூக்கப் போன அப்பாவும் திரும்பவில்லை. ஐம்பது வருஷமாக ஜனவரி வந்தால் கொட்டகை கொட்டகையாகப் போய் எச்சரிப்பார். ஊரே சிரிக்கும். தபால் கொடுக்கும் நான்தான் அதிகம் சிரித்தேன், என் வாய் அப்படி.

இந்த ஜனவரியில், குளிர்காலத் தடை முடிந்து வயலில் சாணி அடிக்க அரசாங்கம் அனுமதித்த முதல் நாளன்று கயிறு அசையவே இல்லை. மறுநாளிலிருந்து மழை என்று ரேடியோ சொல்லியிருந்தது. மாட்டுப் பண்ணைக்காரன் ஃபின்டன் டிராக்டரைக் கிளப்பி, குழியைக் கலக்கத் தொடங்கிவிட்டான். நான் கடிதத்தோடு அவன் முற்றத்தில் நின்றேன். மாலக்கி மூச்சிரைக்க வந்தார்.

"என்ன பெரிசு, காத்துக்கு டிக்கெட் கிழிக்க வந்தீங்களா?" என்றான் ஃபின்டன்.

"நிறுத்துடா! மாட்டையெல்லாம் வெளிய ஓட்டினியா?"

"ஒண்ணு மட்டும் உள்ள நிக்குது. குழி வழியுது, உங்க கயிறு ஆடுற வரைக்கும் நான் உக்காந்திருக்கவா?"

உள்ளே அந்த மாடு தொம்மென்று விழுந்தது. ஃபின்டன் கொட்டகைக்குள் ஓடினான். மாலக்கி நீட்டிய கைக்கு அவன் சட்டை நுனிகூடச் சிக்கவில்லை.

சத்தம் கேட்டு அவன் மனைவி நோரின் மாவுக் கையோடு ஓடிவந்தாள். கொட்டகை வாசலில் மாலக்கி அவளை இடுப்போடு வளைத்துப் பிடித்தார்.

"விடுய்யா! அவரு அங்க கெடக்காரு!"

"தெரியும்மா. நீ போனா நீயும் கெடப்ப."

அவள் அவர் கையைக் கடித்தாள். ரத்தம் வந்தது. பிடி தளரவில்லை. "எஞ்சினை நிறுத்து, தீயணைப்புக்கு போன் போடு!" என்று என்னிடம் கத்தினார். அவர்கள் வந்து தூக்கும்போது ஃபின்டன் செத்திருந்தான்.

கல்லறைத் தோட்டத்தில் எல்லார் முன்னாலும் நோரின் அவரைக் கோழை என்றாள். பாவி, நானும் தலையாட்டினேன்.

மறுவாரம் ஊர்க் கடையில் அவரைப் பார்த்து மன்னிப்புக் கேட்டேன். பல் தடத்தைத் தடவிக்கொண்டே சொன்னார்: "அன்னைக்கு எங்கப்பாவ இப்படித்தான் பிடிச்சேன். ஒம்பது வயசு, கையில பலம் இல்ல."

ஞாயிறுதோறும் நோரின் இரண்டு பிள்ளைகளையும் கையில் பிடித்துக்கொண்டு தேவாலயத்துக்குப் போகிறாள். அவரைத் திரும்பியும் பார்ப்பதில்லை. அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, அந்தப் பிள்ளைகள் உள்ளே போகும்வரை நிற்கிறார்.