டிரம்மர் சுழற்றிய தொலைபேசி

1983 ஜூலைக் கடைசி. பர் துபாயில் ஒரு ஹோட்டலில் வெயிட்டராக இருந்தேன். அங்கே மாலைகளில் வாசிக்கும் குழுவில் டிரம்ஸ் அடித்தவர் ஓர் ஆங்கிலேயர். மான்செஸ்டரில் நண்பர்களோடு சேர்ந்து, சரியாக வாசிக்கத் தெரியாமலே முரட்டுப் பாட்டுகள் போட்ட குழுவில் தொடங்கியவர். பிறகு லண்டனில் ஒரு பாப் குழு. டி.வி.யில்கூட வந்தார்களாம். அந்தக் குழு டிரம்ஸ் சத்தம் போடும் மெஷின் ஒன்றை வாங்கியதும் இவருக்கு வேலை போயிற்று. காலையில் அறைக்கு டீ கொண்டுபோனால் இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்வார்.

அந்த வாரம் கொழும்பில் தமிழர் வீடுகள் எரிவதாக ரேடியோ சொன்னது. என் அக்காவும் அத்தானும் இரண்டு பிள்ளைகளும் அங்கேதான், வெள்ளவத்தையில் இருந்தார்கள். பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மாவின் போன் நம்பர்தான் ஒரே வழி. லைன் கிடைப்பதே கஷ்டம். எனக்கோ டியூட்டியை விட்டு நகர முடியாது. காலையில் டீயை வைத்துவிட்டு, அவர் அறையிலிருந்த போனையே பார்த்து நின்றேன்; டிரம்மர் விசாரித்தார். சொன்னேன். நம்பரை வாங்கிக்கொண்டு, “நீ வேலைக்குப் போ, நான் முயற்சி செய்கிறேன்” என்றார்.

மத்தியானம், விருந்தினர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்த கூடத்துக்குள் வெறுங்காலோடு ஓடிவந்தார். “லைன் கிடைத்துவிட்டது, வா!”

அவர் அறைக்கு ஓடினேன். ரிசீவரில் அக்கா.

“தம்பி, பயப்பிடாதை. வீட்டை எரிச்சுப்போட்டாங்கள். நாங்கள் நாலு பேரும் இந்த அம்மான்ர அறைக்குள்ள இருக்கிறம்.”

தரையில் உட்கார்ந்து அழுதேன். அவரும் பக்கத்தில் உட்கார்ந்து என் முதுகில் கை வைத்திருந்தார். டயலைச் சுழற்றிச் சுழற்றி அவர் விரல் சிவந்து கிடந்தது.

சில நாள் கழித்துக் குழுவின் பாடகி சொல்லித்தான் மற்றது தெரிந்தது. அன்று லண்டனிலிருந்து ஒரு புதிய குழு அவரைக் கூப்பிடுவதாக இருந்ததாம். காலை முழுக்க அவர் அறை போன் பிஸியாகவே இருந்ததால் வேறு ஆளை எடுத்துக்கொண்டார்களாம்.

ஓடிப்போய், ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“லண்டனில் டிரம்மருக்கா பஞ்சம்?” என்றவர், அதோடு அந்தப் பேச்சை விட்டார். “பிள்ளைகள் ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா?” என்றுதான் கேட்டார்.

காண்ட்ராக்ட் முடிந்து போனவர் பிறகு எந்தக் குழுவில் வாசித்தாரோ, தெரியாது. ஆனால் இன்றுவரை, அவசரமென்று யாராவது என் போனைக் கேட்டால், எதற்கு என்று கேட்க எனக்கு வாய் வருவதில்லை.